தீப்பெட்டி கேட்க வந்த ஆள்

பெல்ஜியத்தின் லீர் நகரத்தில் யார் இறந்தாலும் சவ வண்டிக்கு முன்னால் நடந்து போகிறவர் ஓடிலோன் வெர்லிண்டன்தான். கறுப்புக் கோட்டு, கறுப்பு வட்டத் தொப்பி, வெள்ளைக் கையுறை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் முகம் அசையாது. ஊரில் சாவு வீட்டுக் காரியங்களை ஏற்று நடத்தும் அவருடைய முதலாளி காமில், "ஓடிலோன் முன்னால நடந்தாத்தான் செத்தவனுக்கே தான் செத்துட்டோம்னு நம்பிக்கை வருது" என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வார்.

ஒரு நாள் காலை, காப்பியும் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தபோது, எதிரே பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மனைவி கோடெலீவ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இந்தா பாரு ஓடி, நீ பேப்பர்ல வந்திருக்க."

கடைசிப் பக்கத்தின் அடியில் தினமும் வரும் 'விமானி வார்ட்' என்ற படக்கதை அது. சதுரத் தாடைக்காரன் வார்ட் விமானத்தில் ஏறப் போகிறான். ஓரமாக, தொப்பி வைத்த ஒரு குண்டு மனிதர் வந்து, "ஐயா, தீப்பெட்டி இருக்குமா?" என்று கேட்கிறார். "இல்லை" என்று சொல்லிவிட்டு வார்ட் பறந்துவிடுகிறான். அவ்வளவுதான்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"அந்தத் தொப்பிக்காரன் யாராம்?"

"அவன் மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு."

கோடெலீவ் அவர் மூக்கையே பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் வார்ட் பாலைவனத்தில் இறங்கியபோது அந்த மனிதர் ஒரு மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து வந்து மறுபடியும் தீப்பெட்டி கேட்டார். எப்படி அங்கே வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, ஊரே சிரித்தது. சில வாரங்களில் அவருக்கு 'டிஸ்ட் மாமா' என்று பேர் வந்தது. பிறகு ஒரு குடை, ஒரு வீடு, ஒரு கோபக்கார மாமியார். வசந்தகாலம் வருவதற்குள், வார்ட் விமானத்தை ஓட்ட, பின்சீட்டில் டிஸ்ட் மாமா உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். ஜனங்கள் பின்சீட்டை மட்டும்தான் படித்தார்கள்.

ஓடிலோனுக்கு இது பிடிபடவே இல்லை. ரொட்டிக் கடையில், முடிவெட்டும் கடையில், ரயிலடியில், எங்கே போனாலும் "என்ன டிஸ்ட் மாமா, தீப்பெட்டி வேணுமா?" என்றார்கள். "அது நான் இல்லைங்க" என்று பொறுமையாகச் சொல்வார். சொன்னதும் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்ப்பார். பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பார். தொப்பியோடு ஒருதரம், தொப்பி இல்லாமல் ஒருதரம். ஒரு நாள் சாயல் இருப்பது போலத் தெரியும், மறுநாள் துளியும் இல்லாதது போலத் தெரியும்.

வினை, வயதான ஒரு பத்திரப்பதிவாளரின் சவ ஊர்வலத்தில் வந்தது. தேவாலய வாசலில் ஓடிலோன் தொப்பியைக் கழற்றிக் குனிந்ததும், இறந்தவரின் மருமகள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். அழுகை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். இல்லை. சிரிப்பு. அது தொற்றிக்கொண்டு கடைசி வரிசைவரை போனது.

அன்று மாலை காமில் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காத ஓடிலோன். கொஞ்ச நாளைக்கு நீ வண்டிக்குப் பின்னால வா."

"நான் என்ன பண்ணேன் முதலாளி?"

"நீ ஒண்ணும் பண்ணல. அதான் பிரச்சினையே. நீ ஒண்ணும் பண்ணாம நின்னா சிரிப்பு வருது."

ஓடிலோன் பின்னால் நடந்தார். வாழ்நாளில் முதல்முறையாக வண்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஆனால் அந்த மாதமே ஒரு குடும்பம் வந்து, "டிஸ்ட் மாமா முன்னால வரலேன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று கறாராகச் சொல்லிவிட்டது. காமில் ஓடிவந்து அவர் தொப்பியைத் தட்டிக் கொடுத்தார்.

"முன்னால போ ஓடிலோன், முன்னால போ."

"சிரிப்பாங்களே?"

"சிரிக்கட்டும். கேட்டு வாங்கறாங்க."

முன்னால் போகச் சொன்னாலும் போகலாம், பின்னால் போகச் சொன்னாலும் போகலாம். எதற்காகப் போகிறோம் என்று தெரியாமல் எப்படிப் போவது? இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவதென்று, வேலை இல்லாத ஒரு நாளில் ஓடிலோன் ரயிலேறி ஆன்ட்வெர்ப்புக்குப் போனார். பத்திரிகை அலுவலகத்தின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை. கதவைத் தட்டித் திறந்தார்.

படம் வரைகிறவன் இளைஞன். ஹெர்வின் என்று பேர். மேஜை முழுக்க மைக்கறை. நிமிர்ந்து பார்த்தவன், நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சுவரில் மோதிக்கொண்டான்.

"யாரு நீங்க?"

"அத உங்க கிட்ட கேக்கலாம்னுதான் வந்தேன்" என்றார் ஓடிலோன். "லீர்ல என்னை எங்க பாத்தீங்க?"

"நான் லீருக்கு வந்ததே இல்ல சார்."

"சாவு ஊர்வலத்துல பாத்திருப்பீங்க."

"சத்தியமா இல்ல. உங்கள இப்பத்தான் பாக்கறேன்." அவன் பேனாவைக் கீழே வைத்தான். "அன்னிக்கி ஒரு கட்டத்துல ஓரம் காலியா இருந்துச்சு. ஒரு ஆளப் போட்டேன். முடி வரையச் சோம்பல், தொப்பி வெச்சேன். பேசாம நின்னா நல்லாருக்காதேன்னு தீப்பெட்டி கேக்க வெச்சேன். ஒரே ஒரு நாளைக்கு. சத்தியமா ஒரே நாளைக்கு."

ஓடிலோன் உட்கார்ந்தார். வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்த கோபம் இப்போது யார்மேல் இறங்குவதென்று தெரியாமல் நின்றது. தன்னைப் பார்த்து வரைந்திருந்தால் சண்டை போடலாம். பார்க்காமலே வரைந்தவனை என்ன செய்வது? நியாயமாகப் பார்த்தால் நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ ஒரு ஏமாற்றம். அது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

"எனக்கு மட்டும் நிம்மதியா சார்?" ஹெர்வின் புலம்ப ஆரம்பித்தான். "வார்டுக்கு நான் விமானம்லாம் படிச்சுப் படிச்சு வரைஞ்சேன். ஒவ்வொரு ஆணியும் சரியா இருக்கும். ஒருத்தனும் வார்டப் பத்தி கேக்கறதில்ல. ஆசிரியர் வந்து, கதைக்கே 'டிஸ்ட் மாமா'ன்னு பேர மாத்துங்கறார். இந்த டிஸ்ட் என்ன யோசிப்பான்னே எனக்குத் தெரியாது. இப்பப் பாருங்க, தேவாலயக் கோபுரத்து மேல ஏத்தி விட்டுட்டேன். இறக்கத் தெரியல. கீழ ஊரே கூடி நிக்குது."

ஓடிலோன் படத்தை வாங்கிப் பார்த்தார். கோபுர உச்சியில் ஒரு கல் பூதத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

"நீங்களா இருந்தா என்ன சார் செய்வீங்க?"

ஓடிலோன் நேர்மையாக யோசித்தார். இந்த மாதிரிக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"கத்த மாட்டேன்" என்றார். "இத்தனை பேர் நிக்கறப்ப கத்தறது மரியாதை இல்ல. ஏன் மேல இருக்கீங்கன்னு யாராவது கேட்டா, கடிகாரம் சரியா ஓடுதான்னு பாக்க வந்தேன்னு சொல்வேன். சொல்லிட்டு, சரியா ஓடுதான்னு பாப்பேன். இல்லேன்னா அது பொய்யாயிடும்ல?"

ஹெர்வின் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். ஓடிலோன் அவன் முடிக்கும்வரை காத்திருந்தார். தான் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ரயிலில் திரும்பும்போது ஒவ்வொரு வார்த்தையாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

சில நாள் கழித்து அந்த வார்த்தைகள் அப்படியே பத்திரிகையில் வந்தன. கோடெலீவ் வாய்விட்டுப் படித்தாள்.

"பாத்தியா? இது அப்படியே நீ பேசற மாதிரியே இருக்கு. வரையற ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஓடிலோன் நடந்ததைச் சொன்னார். அவள் பத்திரிகையைக் கீழே வைத்தாள்.

"அப்ப இது நீதான்னு சொல்லு."

"முதல்ல நான் இல்ல."

"இப்ப?"

அவர் காப்பியைக் கலக்கினார். சர்க்கரை போடவில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

கதையின் பேர் மாறியது. வார்ட் எப்போதாவது வந்து விமானத்தில் அழைத்துப்போகும் ஓட்டுநரானான். ஹெர்வின் அடிக்கடி லீருக்கு வரத் தொடங்கினான். கோடெலீவ் போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே, "மாமாவ ஒரு பீர் பீப்பாய்க்குள்ள போட்டு ஆத்துல விட்டுட்டேன், இப்ப?" என்பான். ஓடிலோன் யோசித்துப் பதில் சொல்வார். அவன் சிரிப்பான். தெருவில் யாராவது "டிஸ்ட் மாமா!" என்றால் இப்போதெல்லாம் "அது நான் இல்லைங்க" என்று சொல்ல ஓடிலோனுக்கு வாய் வருவதில்லை. "ஆமா" என்றும் வருவதில்லை. தொப்பியைத் தொட்டுவிட்டு நடப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் பீர் வண்டி ஓட்டிய ஸ்டாஃப் என்பவர் இறந்துபோனார். எதற்கும் அவசரப்படாத மனிதர். விதவை ரோசாலி, புறப்படும் நேரத்தில் ஓடிலோனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படுக்கையில கிடந்தப்ப அவருக்கு உங்க கதையைத்தான் தினமும் படிச்சுக் காட்டினேன். கடைசியா, டிஸ்ட் மாமா வந்து தன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு கேட்டார். சொல்லுங்களேன்."

வீடு முழுக்க ஆட்கள். எல்லார் கண்ணும் அவர்மேல். சொல்ல வேண்டியவர் யார், தானா, அந்தத் தொப்பிக்காரனா? அவனாக இருந்தால் என்ன சொல்வான் என்று கேட்க ஹெர்வினும் பக்கத்தில் இல்லை. தொப்பியைக் கழற்றினார். பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். ஒவ்வொரு வீட்டிலும் குடும்பத்தாரிடம் சொல்லும் அதே வார்த்தைதான் வாயில் வந்தது.

"ஸ்டாஃப், வண்டி தயாரா இருக்கு. ஆனா அவசரம் ஒண்ணும் இல்ல. நீங்க எப்ப சொல்றீங்களோ அப்பக் கிளம்பலாம்."

முதலில் ரோசாலி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மகன்கள் சிரித்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள், பெட்டி தூக்க வந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஓடிலோன் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருப்பவர்போல நின்றார். பிறகு முன்னால் நடந்தார். நேத்தா ஆற்றுப் பாலம் தாண்டும்வரை பின்னால் அந்தச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவமானமா மரியாதையா என்று அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். முதுகு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

அடுத்த வாரம் ஹெர்வின் வந்தான். முயல் கறியைத் தொட்டுக்கொண்டே, "ஏதாவது நல்லதா சொல்லுங்க சார், ஒண்ணுமே ஓடல" என்று கெஞ்சினான். கோடெலீவ் ஓடிலோனைப் பார்த்தாள். ஸ்டாஃப் வீட்டு விஷயம் அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

"ஒண்ணும் தோணல தம்பி" என்றார் ஓடிலோன்.

அவன் போன பிறகு அவள் கேட்டாள். "ஏன் சொல்லல? பிரமாதமா வந்திருக்குமே."

"தெரியல கோடெலீவ். அது ஸ்டாஃபுக்கு நான் சொன்னது."

"மத்ததெல்லாம் யார் சொன்னதாம்?"

ஓடிலோன் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.