ரொபேரின் கப்போத்

பிஜுவுக்கு முதலில் முடி கொட்டியது 1956 தை மாதத்தில். இடது காதுக்குப் பின்னால் காலணா அகலத்துக்கு ஒரு வட்டம். முதலில் பார்த்தவள் என் மருமகள் மர்த். நாய் அவளுடையது. என் மகன் ரொபேர் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு தொங்கின் போர்முனைக்குக் கப்பலேறிய அன்று அவள் மடியில் விட்டுப்போன குட்டி அது.

ரொபேர் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. ஒரு பதக்கமும் அவனுடைய கப்போத்தும் வந்தன. முழங்காலுக்குக் கீழே இறங்கும் கம்பளிக் கோட்டை எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வோம். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்ற எங்களுக்குக் குழி கிடையாது. ஆகவே கப்போத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். அன்று முதல் நாய் அதன் விளிம்புக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு அங்கேயே படுத்தது.

போர் நினைவு நாளான நவம்பர் பதினொன்றில், ஒவ்வொரு வருடமும், பழைய பட்டாளத்துக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள். "எசமானைக் காவல் காக்குது பாருங்க, முசியே இராயப்பன்" என்று தொப்பியைக் கழற்றுவார்கள். இந்தத் தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் அந்த மரியாதை இல்லை.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் ஜானகிராமன் கடலூர்ப் பக்கத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். தோட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"படர்தாமரை. சுத்தி முடியைக் கத்தரிச்சிட்டு கந்தகக் களிம்பு போடுங்க. படுக்குற சாக்கு, துணி எல்லாத்தையும் கொளுத்திடுங்க. களிம்பைவிட அதுதான் முக்கியம்."

சாக்கை எரித்தோம். நாற்பது நாளில் முடி முளைத்தது. வைகாசியில் மறுபடியும் வந்தது, இந்தத் தடவை முதுகிலும் முன்னங்கால்களிலும். டாக்டர் கூடத்துக்குள் வந்து, நாய் படுத்திருந்த இடத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஐயா, இந்தக் கோட்டு இருக்கிற வரைக்கும் நான் என்ன போட்டாலும் வீண். கம்பளியில கிருமி மாசக்கணக்கா கிடக்கும்."

"வெந்நீர்ல போட்டா?" என்றாள் மர்த்.

"நம்ப முடியாதும்மா. எரிக்கணும்."

"ஆகட்டும்" என்றேன்.

அவர் போனதும் கப்போத்தை மடித்து என் அலமாரியில் வைத்தேன். மர்த் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"கொளுத்தலையா மாமா?"

"என் மகனை நான் கொளுத்த மாட்டேன்."

"அது துணி மாமா. பிஜுவுக்கு உசுரு இருக்கு."

என் வீட்டில் கேள்வி ஒரு தடவைதான். கப்போத் அலமாரியில் இருந்த வரைக்கும் நாய் தேறியது. ஆவணியில் என் மனைவியின் திவசப் பூசைக்கு உறவினர்கள் வந்தார்கள். வெறும் சுவரை அவர்கள் பார்ப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. எடுத்து மாட்டினேன். அன்று மத்தியானமே பிஜு அதற்குள் முகத்தை நுழைத்துக்கொண்டது.

ஐப்பசியில் அதன் உடம்பில் முடியுள்ள இடம் தேட வேண்டியிருந்தது. தோல் வெடித்துச் சீழ் வைத்தது. எழுந்து நிற்க முடியவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. டாக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் கப்போத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அவர் நாயின் பக்கத்தில் குந்தி வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாத்தையும் எரிச்சும் திரும்பி வருதுன்னா, இது உள்ளயே ஊறிப்போச்சு. வலிதான் மிச்சம். ஊசி போட்டு அனுப்பிடலாம். ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்தக் கோட்டை எரிச்சீங்க இல்ல? இல்லைன்னா சொல்லுங்க. இன்னொரு தடவை பாப்போம். எனக்குக் கோபமில்லை."

"எரிச்சாச்சு."

"எரிக்கல டாக்டர்" என்றாள் மர்த். "அலமாரியில இருக்கு. இப்பவே கொளுத்திடுறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். சைகோன் சுங்கத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். என் வாக்கின் மேல் ஒருவரும் கை வைத்ததில்லை. வேற்றூர்க்காரர் முன்னால், என் கூடத்தில், என் மருமகள் வைத்தாள்.

"புருஷன் போனதிலேருந்து அதுக்கு மனசு சரியில்லை. நீங்க ஊசியைப் போடுங்க" என்றேன்.

மர்த் நாயின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். டாக்டர் இன்னும் சற்றுத் தயங்கினார். ஒரு பெரிய மனிதர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க அவரால் முடியாது. ஊசி போட்டார். கையைக் கழுவ அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனேன். முழங்கைவரை வெகுநேரம் தேய்த்துக் கழுவினார்.

நாங்கள் திரும்பியபோது தோட்டத்து முருங்கைக்குக் கீழே மர்த் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிஜு கிடந்தது, கழுத்துவரை கப்போத்தில் சுற்றி. எங்கள் வீட்டில் அலமாரியைப் பூட்டும் வழக்கம் இல்லை. பித்தளைப் பொத்தான்களை ஒன்றுவிடாமல் போட்டிருந்தாள்.

டாக்டர் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசம் முந்திச் சொல்லியிருந்தா பொழைச்சிருக்கும், ஐயா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

பொத்தான்களையாவது அறுத்து எடுத்துக்கொள்ளக் குனிந்தேன். மர்த் மண்வெட்டியைக் குறுக்கே நீட்டினாள். அடிக்க ஓங்கவில்லை, நீட்டினாள், அவ்வளவுதான். நான் நிமிர்ந்து நின்றேன். அவள் மண்ணைத் தள்ளி முடிக்கும்வரை அப்படியே நின்றேன்.

அந்த நவம்பர் பதினொன்றாம் தேதி பழைய பட்டாளத்துக்காரர்கள் வந்தார்கள். வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு, கப்போத் எங்கே, நாய் எங்கே என்று கேட்டார்கள்.

"நாய்க்குத் தோல் வியாதி. டாக்டர் சொல்லி கப்போத்தை எரிச்சுட்டேன். இருந்தும் செத்துப்போச்சு" என்றேன்.

மர்த் எல்லோருக்கும் கையில் காப்பி கொடுத்தாள். எனக்குரிய கோப்பையை மட்டும் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.