நனைக்காத அகல்கள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பக்தியில் பிறந்ததாகச் சொல்லி ஒரு பத்திரிகையின் கார்த்திகை மலருக்கு அனுப்பத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியும் போட்டேன்: "இருள் சூழ்ந்த மழைக்காலத்தின் நடுவே, புத்தொளியின் சின்னமாக—"

அடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு நான் எழுதிப்போடும் கட்டுரை அது. அதில் நானே இல்லை.

இரண்டாவது ஆரம்பம்: "முதலியார்பேட்டையில் செல்வாம்பாள் என்று ஒரு நல்ல பெண்—" செல்வாம்பாள் நான்தான். அதனால் இதுவும் வேண்டாம்.

2

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். 1956, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய இரண்டாம் வருடம். பக்கத்து வீடு என் அத்தை மணியம்மாளுடையது. அவள் மகன் தெய்வசிகாமணிக்கு என்னைக் கட்டுவதாக, நான் பாவாடை கட்டிய நாளிலிருந்தே பேச்சு. பேச்சு பேச்சோடு நின்றது. கருவடிக்குப்பத்திலிருந்து அஞ்சலாட்சி மருமகளாக வந்தாள். தாயில்லாப் பெண். (என்னைவிட அழகி என்று எழுதலாமா? அழகி இல்லை. அழகியாக இருந்திருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.)

தலைக்கார்த்திகைக்கு அவள் அப்பா இருபத்தேழு புது அகல் வாங்கி அனுப்பியிருந்தார். மத்தியானம் வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, புது அகல்ல அப்படியே எண்ணெ ஊத்தலாமா?"

"ஊத்து. அதுல என்ன கெடக்கு."

நான் சொன்னது அவ்வளவுதான். புது அகலைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துத்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் அகலே எண்ணெயைக் குடித்துவிடும். எங்கள் தெருவில் ஏழு வயதுப் பெண்ணுக்குக்கூட இது தெரியும். தாய் இருந்தால் இவளுக்கும் தெரிந்திருக்கும்.

கோயிலில் சொக்கப்பனை பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பினோம். தெரு நெடுக விளக்கு எரிந்தது. அத்தை வீட்டு வாசல் மட்டும் கருகிய திரிகளோடு இருட்டாகக் கிடந்தது.

"வந்த வருசமே வாசலை இருட்டாக்கிட்டா. இனிமே இவ கையால வெளக்கு ஏத்தக் கூடாது" என்றாள் அத்தை.

அடுத்த வருடம் முதல் அந்த வீட்டில் கார்த்திகை விளக்கு ஏற்றுவது நான். போன வருடத்தோடு ஐந்து கார்த்திகை ஆயிற்று. அஞ்சலாட்சிக்கு இன்னும் பிள்ளை இல்லை. அதற்கும் அந்த இருட்டைத்தான் காரணம் சொல்கிறார்கள்.

3

(அடிக்குறிப்பாக வைத்திருந்தேன், நடுவில் ஏறிக்கொண்டது: பிரமனும் விஷ்ணுவும் யார் பெரியவர் என்று மல்லுக்கு நின்றபோதுதான் அடிமுடி தெரியாத சோதி எழுந்தது. ஆக, இந்தப் பண்டிகையே போட்டியில் பிறந்ததுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவைப் பூசையிலிருந்து தள்ளிவைத்தார்கள். என்னையோ கூப்பிட்டு விளக்கேற்றச் சொல்கிறார்கள்.)

நான் ஒவ்வொரு அகலாக ஏற்றும்போது அஞ்சலாட்சி கதவோரம் நின்று பார்ப்பாள். அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த வீடு என் வீடாக இருந்தது. இதை எந்த மலரும் போடாது.

முடிவுகள் இரண்டு யோசித்துவைத்தேன். ஒன்றில் கதாநாயகி அத்தை காலில் விழுந்து உண்மையைச் சொல்கிறாள். (அழுகை அதிகம்.) இன்னொன்றில் அஞ்சலாட்சிக்குப் பிள்ளை பிறந்து எல்லாம் தானாகச் சரியாகிறது. (எனக்கு வசதி.)

மூன்றாவதாக, கதாநாயகி—

4

இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு, இன்று சாயங்காலக் கார்த்திகைக்குத் திரித்த திரிகளைக் கொடுக்க அத்தை வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் அஞ்சலாட்சி வாளியிலிருந்து புது அகல்களை எடுத்து வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் அத்தைதான் ஊறவைக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

"ஒனக்கு யாரு சொன்னா?" வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"யாரும் சொல்லல. அடுத்த வருசமே ஒங்க கெணத்தடியில பாத்தேன்க்கா. தொட்டித் தண்ணியில அகலா கெடந்துச்சு."

"அப்பவே அத்தகிட்ட சொல்றதுதானே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

தலையைத் தூக்காமலே சொன்னாள். அடுத்த அகலை எடுத்துக் கவிழ்த்தாள். வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசை. அந்தப் பொறுமையைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

5

ஓடிவந்து எழுதிக்கொண்டே இருந்துவிட்டேன். சாயங்காலம் ஆகிவிட்டது. அஞ்சலாட்சி என் வாசலில் நிற்கிறாள்.

"அத்த கூப்புடறாங்கக்கா. வெளக்கு வெக்கிற நேரமாச்சு."

"இரு, வரேன்."

போய் வாயால் சொல்லலாம். ஆனால் பாதியில் கதையை என் பக்கம் திருப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். மலருக்கு அனுப்பினாலோ, படிப்பவர்கள் கதை என்று சொல்லிப் புரட்டிவிடுவார்கள். அத்தைக்கும் அஞ்சலாட்சிக்கும் எழுத்து வராது. அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். இந்த நோட்டை அஞ்சலாட்சி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

அத்தான், இது உங்களுக்குத்தான். அத்தை காதில் விழும்படி உரக்கப் படியுங்கள். நான் இன்று வரவில்லை. விளக்கை யார் ஏற்றுவது என்பதை நீங்கள் மூன்று பேரும் முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு மேல் எழுத எனக்குப் பாத்தியதை இல்லை.

அவள் ஏற்றினால், எப்படி எரிந்தது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.