ஒரு வேளைகூடத் தவறியதில்லை

தொழிற்சாலைக் கொதிகலன்களைச் சோதித்துச் சான்று வழங்கும் அந்த ஆய்வாளருக்கு, மனிதர்கள் சொல்லும் எதிலும் நம்பிக்கை கிடையாது. ‘மாதாமாதம் சுத்தம் செய்கிறோம்’ என்று ஒரு மேலாளர் சொன்னால், மறுமொழி சொல்லாமல் பாதுகாப்பு வால்வின் கைப்பிடியைத் தூக்கிப் பார்ப்பார். அது துருவேறி இறுகியிருந்தால் அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லமாட்டார்; கொதிகலனை நிறுத்த உத்தரவிட்டுவிட்டு வந்துவிடுவார். அலுவலகத்தில் அவர் இல்லாத நேரத்தில் அவருக்கு ‘வால்வு’ என்று பெயர். அவர் இருக்கும் நேரத்தில் அவருக்குப் பெயரே கிடையாது. எல்லாரும் எழுந்து நிற்பதோடு சரி.

இத்தகையவர் தம் இரத்த அழுத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு தனிக் கொள்கை வைத்திருந்தார். அழுத்தம் ஏறினால் தமக்குத் தெரிந்துவிடும் என்பது அது. பின்கழுத்தில் ஒரு சூடு கிளம்புமாம். கிளம்பாத நாளில் அழுத்தமே இல்லையாம். மாத்திரை என்பது உடம்பைச் சோம்பேறியாக்கும் ஏற்பாடு என்பதும் அவர் துணிபு. சான்றாக, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே இறந்துபோன மூவரை எடுத்துக்காட்டுவார். மூவரும் எண்பதைக் கடந்தவர்கள் என்பதை எடுத்துக்காட்டுவதில்லை.

ஆயினும் மருத்துவரிடம் ஒழுங்காகப் போனார். வைத்தியம் பார்த்துக்கொள்ளாதவர் என்ற பெயர் அவருக்கு வேண்டியதில்லை, வைத்தியந்தான் வேண்டியதில்லை. “மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?” என்று மருத்துவர் மேசையைப் பார்த்துக் கேட்பார். “ஒரு வேளைகூட தவறினதில்ல டாக்டர்” என்று இவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். கருவி உயர்ந்த எண்ணையே காட்டும். மருத்துவர், காது கேளாதவரிடம் குரலை உயர்த்துபவரைப் போல, இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதுவார். இரண்டு ஆண்டுகளில் எண்ணிக்கை நான்கில் வந்து நின்றது. நான்காவது எழுதப்பட்ட மறுநாள், ஆய்வாளர் பதவி உயர்வு பெற்றவரின் நடையோடு அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

“நாலு மாத்திரைக்கும் அசையலையாம் என் பிரஷர்” என்று அவர் அறிவித்தபோது, குரலில் இருந்தது வருத்தம் அன்று.

மாத்திரைகள் நாள்தோறும் அட்டையிலிருந்து முறையாகப் பிதுக்கப்பட்டன. குளியலறைச் சன்னலுக்கு வெளியே முறையாக எறியப்பட்டன. சன்னலுக்குக் கீழே நீண்டிருந்த சிமெண்டு விளிம்பில் அவை வெள்ளையும் வெளிர்சிவப்புமாகக் கரைந்து ஒட்டியிருப்பதைத் துணி உலர்த்தப் போன மனைவி ஒருநாள் கண்டாள். கேட்டாள். அதன்பின் ஒரு மாதம் அவர் அவளோடு பேசவில்லை. வேண்டியவற்றைச் சுவரிடம் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அம்மாதம் முடிந்தபோது அவளிடமும் ஒரு கொள்கை உருவாகியிருந்தது: வீட்டில் பேச்சு நடப்பது, மாத்திரை உள்ளே போவதைவிட முக்கியம். உறவினர் இதைப் பொறுமை என்று புகழ்ந்தனர். கோழைத்தனத்தைப் பாராட்ட அதைவிட நாகரிகமான சொல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அடிவயிற்றில் குடல் பிதுங்கி நின்றதற்கு மட்டும் ஆய்வாளரிடம் கொள்கை எதுவும் இல்லை. அது வலித்தது. எனவே உடனே அறுவைக்கு ஒப்புக்கொண்டார்.

அறுவைக்கு இரண்டு நாள் முன்னதாகவே மருத்துவமனையில் அறை கிடைத்தது. தினமும் என்னென்ன மருந்து என்று செவிலி கேட்டபோது, நான்கின் பெயர்களையும் பிழையின்றி ஒப்பித்தார். எறிவதற்கு முன் அட்டையைப் படிக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது.

மறுநாள் காலை, சிற்றுண்டித் தட்டை எடுத்துக்கொண்டு போனபின், செவிலி ஒரு சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தோடு வந்தாள். அறையில் மனைவியும், அவளுடைய தம்பியும் இருந்தார்கள். தம்பி அச்சகம் நடத்துபவன். நோயாளிக்கென்று வாங்கிவந்த ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாகத் தானே தின்றுகொண்டிருந்தான்.

“போட்டுக்குங்க சார்.”

“வெச்சுட்டுப் போம்மா. அப்புறமா போட்டுக்கறேன்.”

“அப்புறம்லாம் கிடையாது சார். என் கண்ணு முன்னாடி முழுங்கணும்.”

“ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?”

“யார்மேலயும் இல்ல சார். இங்க அப்படித்தான்.”

தம் தொழிலின் முதல் விதியைப் பிறர் வாயால் கேட்பது அவருக்கு உவப்பாக இல்லை. கிண்ணத்தைப் பார்த்தார். நாள்தோறும் பார்த்துப் பழகிய அதே மாத்திரைகள்தாம். ஆனால் வாய்க்கு இவ்வளவு அருகில் அவற்றைப் பார்த்ததில்லை.

“அத்தான் பாய்லரையே மிரட்டறவரு சிஸ்டர்” என்றான் மைத்துனன், தோலை உரித்தபடி. “இத்தனூண்டு மாத்திரைக்கா பயப்படுவாரு?”

ஒன்றைக்கூடப் பழகியிராத உடம்பில் நான்கும் ஒருசேர இறங்கினால் அழுத்தம் எங்கே போய் விழும் என்று கணிக்க, மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. அழுத்தத்தையே அளந்து வயிறு வளர்த்தவருக்கு அது இன்னும் எளிது. ‘இதுவரை போட்டதில்லை’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் ஆரஞ்சு தின்னும் மைத்துனன் எதிரே அதைச் சொல்வதென்றால், இறந்துபோவது அவருக்கு ஏறத்தாழ மேலானதாகத் தோன்றியது.

“சிஸ்டர், இன்னிக்கு மட்டும் ஒண்ணு போதாதா?” என்றாள் மனைவி.

செவிலி திரும்பினாள். “ஏம்மா? வீட்ல நாலும்தானே போடறாரு?”

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் இன்னொரு மாதம் இருந்தது.

“நாலும்தான்” என்றார் ஆய்வாளர். “அவ கெடக்கறா. குடும்மா.”

நான்கையும் ஒரே மடக்கில் விழுங்கினார். துணிவை வீணடிக்க இதைவிட நேர்த்தியான வழி இருந்ததாகத் தெரியவில்லை.

முதலில் கொட்டாவி வந்தது; அடுத்தடுத்து வந்தது. பிறகு நெற்றி வியர்த்தது.

“ஃபேன் ஓடுதா?”

“முழு வேகத்துல ஓடுதுங்க.” அவள் அருகே குனிந்தாள். “சொல்லிடலாங்க.”

“என்னத்த?”

“அதான்.”

“பேசாம உக்காரு.”

தமக்கு ஒன்றுமில்லை என்பதை நிறுவும்பொருட்டு அவர் எழுந்து குளியலறையை நோக்கி நடந்தார். கதவை எட்டுமுன் முழங்கால்கள் தனித்தனியே முடிவெடுத்தன. மைத்துனன் பாய்ந்து பிடித்தான். கைக்கு அகப்பட்டது தோள் அன்று, சட்டைக் கழுத்துப்பட்டி. அந்த நிலையில் ஆய்வாளர் ஏதோ திருட்டில் பிடிபட்டவரைப் போலத் தோன்றினார் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

கட்டிலில் கிடத்தினார்கள். செவிலி அழுத்தம் பார்த்தாள். நம்பாமல் மறுகையிலும் பார்த்தாள். மேல் எண்ணே எழுபதுதான். பணியிலிருந்த இளம்பெண் மருத்துவர் ஓடிவந்தார்.

“புதுசா ஏதாவது மருந்து குடுத்தீங்களா?”

“இல்ல டாக்டர். வீட்ல தினம் போடற அதே நாலுதான்.”

“அப்போ ஹார்ட்டா இருக்கும். ஈ.சி.ஜி. எடுங்க. ஐ.சி.யூ.ல பெட் இருக்கான்னு கேளுங்க, ரத்தத்தை இளக்கற ஊசியும் ரெடி பண்ணுங்க.” மருத்துவர் அவர் முகத்தருகே குனிந்தார். “சார், சார்... மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தானே போடறீங்க?”

ஆய்வாளரின் கண்கள் பாதி மூடியிருந்தன. உதடுகள் வெளுத்திருந்தன. தம் இதயத்தில் இல்லாத நோய்க்குத் தம் உடம்பில் ஊசி இறங்கப்போகிறது என்பது அவர் காதில் விழுந்திருந்தது. அவர் மைத்துனனைத் தேடிப் பார்த்தார். அவன் இன்னும் அறையில்தான் இருந்தான்.

“ஒரு வேளைகூட...” என்றார்.

வாக்கியம் முடியவில்லை. முடிக்கத் தேவையில்லாத அளவுக்கு அது பழகியிருந்தது.

“பொய்” என்றாள் மனைவி.

அச்சொல் அவ்வளவு உரக்க வந்ததில் அவளே சற்றுத் திகைத்தாள், ஆயினும் நிறுத்தவில்லை. “ஒண்ணுகூட போட்டதில்ல டாக்டர். ரெண்டு வருஷமா சன்னல் வழியா தூக்கிப் போடறாரு. இன்னிக்குத்தான் மொத தடவையா உள்ள போயிருக்கு. நாலும்.”

“ஒண்ணுகூடவா?”

“பாதிகூட இல்ல டாக்டர். கேட்டா பேச்சையே நிறுத்திடுவாரு.”

“காலையிலயே சொல்லியிருக்கலாமேம்மா” என்றாள் செவிலி.

“அக்கா, ரெண்டு வருஷமாவா?” என்றான் தம்பி.

அவள் கணவரின் காலடியில் வைக்கத் தலையணையை எடுத்து நீட்டினாள்.

கால்களை உயர்த்தி வைத்தார்கள், உப்புநீரை ஏற்றினார்கள். ஊசி திரும்பிப் போயிற்று. ஈ.சி.ஜி.யில் இதயம், உரியவரைவிட ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. பிற்பகலில் அழுத்தம் மெல்ல மேலேறியது. அறுவையை ஒத்திவைத்தார்கள்.

“மாத்திரை நல்லாவே வேலை செய்யுது சார்” என்றார் இளம் மருத்துவர். “உங்களுக்கு ஒண்ணோ ரெண்டோ போதுமா இருந்திருக்கும். நாளைலேந்து ஒண்ணுல ஆரம்பிப்போம்.”

தலையைவிடக் கால்கள் உயரத்தில் இருக்கும்போது எவ்வளவு கம்பீரம் இயலுமோ அவ்வளவு கம்பீரத்தோடு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். “பாத்தீங்களா? எனக்கு ஒத்துக்கல. நான் மொதல்லேந்தே சொல்லிட்டிருக்கேன்.”

“யார்கிட்ட சார்?”

அவர் கண்களை மூடிக்கொண்டார். களைப்பு சில வேளைகளில் மிக உதவியானது.

மாலையில் அலுவலகக் கண்காணிப்பாளர் பார்க்க வந்தார். எழுந்து நிற்கும் பழக்கத்தில், நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே இருந்தார். ஆய்வாளருக்குக் குரல் திரும்பிவிட்டது.

“கொல்லப் பாத்துட்டாங்கய்யா. நாலு மாத்திரை. ஒரு மணி நேரத்துல ஆளைச் சாய்ச்சிடுச்சு. வெஷம்னா வேற என்ன?”

“ஐயையோ” என்றார் கண்காணிப்பாளர். “எனக்கும் ரெண்டு எழுதிக் குடுத்திருக்காங்க சார். ஆறு மாசமா முழுங்கிட்டிருக்கேன்.”

“தல சுத்துதா?”

“இப்ப நீங்க சொல்றப்ப சுத்தற மாதிரிதான் இருக்கு.”

“நிறுத்திடு. ஒரேயடியா இல்ல, படிப்படியா. உடம்பைக் கேளு, அது சொல்லும்.”

போர்வையை மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். “அவர் பேச்சைக் கேக்காதீங்க. ரெண்டு வருஷமா ஒரு மாத்திரைகூட போடாம ஊரை ஏமாத்தியிருக்காரு. இன்னிக்கு மொத்தமா போட்டதாலதான் விழுந்தாரு. உங்களுக்கு அது பழகின மருந்து. நிறுத்தினாத்தான் ஆபத்து.”

கண்காணிப்பாளர் பணிவோடு கேட்டார். அதிகாரியின் மனைவி பேசும்போது கேட்பதற்கென்று அவரிடம் ஒரு முகம் இருந்தது. அதை அணிந்து, அவள் முடிக்கும்வரை தலையசைத்தார். பிறகு கட்டிலின் பக்கம் திரும்பினார்.

“அம்மா ரொம்ப பயந்துட்டாங்க சார், பாவம்.” குரலைத் தாழ்த்தினார். “படிப்படியான்னா, மொதல்ல காலை மாத்திரையா சார், ராத்திரி மாத்திரையா?”

“ராத்திரி மாத்திரை” என்றார் ஆய்வாளர், யோசிக்காமலே.

கண்காணிப்பாளர் நன்றி சொல்லிவிட்டு வெளியேறினார். மனைவி போர்வையைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள். “எங்க போறே?” என்று கேட்ட குரலுக்கு அவள் திரும்பவில்லை. மின்தூக்கியின் முன்னால் அவரைப் பிடித்தாள்.

“உங்க வீட்டம்மா நம்பர் சொல்லுங்க.”

“எதுக்கும்மா? நான் போய் சொல்லிக்கறேனே.”

“நீங்க சொல்ல மாட்டீங்க. நம்பர்.”

மின்தூக்கியின் கதவு திறந்து, காத்திருந்து, மூடியது. அவர் எண்ணைச் சொன்னார். அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. அங்கேயே நின்று அழைத்தாள். மறுமுனையில் ஒரு பெண்குரல் கேட்கும்வரை அவரைப் போகவிடவில்லை.