ஏழாம் மரத்துக்குப் போன உப்பு

அந்தத் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் நாரைப் பிரிக்க ஓர் அறை, சிரட்டையைக் கரியாக்க ஓர் அறை, எண்ணெயை முகர்ந்து பார்த்து மார்க் போட ஓர் அறை என்று தேங்காயின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கூரை உண்டு. அவளுக்கு மட்டும் வெட்டவெளி. பன்னிரண்டு மரங்களுக்கு உப்புத் தண்ணீர் விட்டு, தாக்குப்பிடிக்கிறதா என்று ஏழு வருஷமாகப் பார்த்துவரும் விஞ்ஞானி அவள். ‘உப்பு மேடம்’ என்று பெயரே விழுந்துவிட்டது. “நம்ம கல்யாண நாள மறந்துடுவ, தொட்டியில உப்பு அளக்குற நேரத்த மட்டும் மறக்க மாட்ட” என்பது வீட்டுக்காரரின் நிரந்தரப் புகார். உண்மை என்பதால் அவள் எதிர்த்து வாதாடியதில்லை.

இன்று பதினொரு மணிக்குக் கூட்டம். பன்னிரண்டும் காய்த்துவிட்டன. நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்த பக்கத்து வரிசைக்கும் இவற்றுக்கும் விளைச்சலில் வித்தியாசமே இல்லை. கடலோர நிலத்துக்கென்று புது ரகம் என இயக்குநர் அறிவிக்கப் போகிறார். வீட்டுக்காரர்கூடப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்.

ஒன்பதரைக்கு மண் பரிசோதனைத் தாள் வந்தது. ஒரு சம்பிரதாயத்துக்காக இயக்குநர் கேட்டிருந்தது. ஒன்றாம் மரத்தடியில் உப்பு இல்லை. இரண்டில் இல்லை. மூன்றில் இல்லை. ஏழில் மட்டும் கருவியின் எல்லையைத் தாண்டிய உப்பு. மற்ற பதினொன்றும் குடிதண்ணீரில் குளித்து வந்ததுபோல் சுத்தம்.

ஏழு வருஷமாக அவள் காலையும் மாலையும் தொட்டியில் உப்பை அளந்தாள். தொட்டி காலியானதைக் குறித்தாள். தொட்டிக்கும் மரத்துக்கும் நடுவே இருபது அடி. அந்த இருபது அடியைத்தான் அளக்கவில்லை. அங்கே ஒரு மனிதர் வாளியோடு நடந்துகொண்டிருந்தார்.

ஓடினாள்.

“அண்ணே, உண்மையச் சொல்லுங்க. மரத்துக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க?”

வாளிக்காரர் வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். “என்னிக்காவது கேப்பீங்கன்னு நெனச்சேம்மா.”

“அண்ணே!”

“மொத நாள் ஒழுங்காத்தான் ஊத்தினேன். எல்லாம் முழங்கால் உசரம். பச்சக் கொழந்த வாயில உப்ப அள்ளிப் போடற மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கல. பக்கத்து வரிசைக் குழாயில நல்ல தண்ணி புடிச்சு ஊத்திட்டேன்.”

“ஏழு வருஷமாவா?”

“லீவே போட்டதில்லம்மா. வேற யாராவது வந்து உப்ப ஊத்திடுவாங்களே.”

அவள் தொட்டியின் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தாள். இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் எப்படி இருக்கும்? நல்ல தண்ணீர் விட்டால் தென்னை வளரும் என்பதை ஏழு வருஷம் ஆராய்ந்து கண்டுபிடித்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

“அப்போ உப்புத் தண்ணி எங்க போச்சு?”

“சாக்கடையில விட்டா நாத்தங்காலுக்குப் போயிடும். அங்க சின்னதுங்க இருக்கு. அதான்... ஏழாம் நம்பருக்கு.”

“பன்னெண்டு மரத்தோடதுமா?”

“நடறப்போ அதோட குழியில நான் விழுந்துதாம்மா இது போச்சு.” முன்பல் இருந்த இடத்தை விரலால் காட்டினார். “அந்தக் கோவம். செத்துடும்னு நெனச்சேன். சாகல. இப்பல்லாம் அது பக்கம் போகவே கூச்சமா இருக்கு.”

அவள் தலையைத் தூக்கி ஏழாம் மரத்தைப் பார்த்தாள். அவள் நோட்டில் அதற்கு ஒரே வரிதான்: ‘காய் சற்றுச் சிறியது, காரணம் தெரியவில்லை.’ பன்னிரண்டு பங்கு உப்பையும் ஒற்றை ஆளாகக் குடித்துவிட்டு, குலை குலையாகக் காய்த்து நின்றது அது.

மண் தாள் அவள் கையில் மட்டும்தான் இருந்தது. நான்காக மடித்தால் யாருக்கும் தெரியாது; சம்பிரதாயத்துக்குக் கேட்ட இயக்குநரும் தேட மாட்டார். மடித்தாள். எவனோ ஒரு விவசாயி உவர் நிலத்தில் அந்த மற்ற பதினொன்றின் கன்றுகளை நட்டுவிட்டு, பட்டுப்போன குருத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்முன் தெரிந்தது. பிரித்தாள்.

“நான் சொல்ல வந்தது எல்லாமே தப்பு,” என்று மேடையில் ஆரம்பித்தாள். விஷயம் புரியாமல் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கை தட்டினார். வீட்டுக்காரர்தான். அவள் தாளை முழுக்கப் படித்துக் காட்டினாள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “யாரோட தப்பு?”

“மண்ணப் பாக்காதது நான் சார். ஒரு மரம் ரகம் ஆகாதுதான். ஆனா ஒரு மரம் இருக்கு. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

ஐந்து மாதம் கழித்து ஏழாம் மரத்தின் காய்கள் முளைவிட்டன. நாற்றங்காலில் உப்பு வாளியைப் பார்த்ததும் வாளிக்காரர் பதறிப்போனார். “இதுங்களுக்குமா?”

“நீங்க தள்ளுங்கண்ணே. இனிமே நான்தான் ஊத்துவேன்.”

முளை விரல் நீளம்கூட இல்லை. அவள் குனிந்தாள். வாளி சாயவே இல்லை. கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கவிழ்த்தாள்.

“பாத்தீங்களாம்மா,” என்றார் அவர்.