தெற்கே எல்லை: பூமத்திய ரேகை

டெபோரா மேடம் சிரித்த சிரிப்பில், வங்கி வாசலில் நின்றிருந்த காவலாளி துப்பாக்கியோடு உள்ளே ஓடிவந்துவிட்டார். டோக்கன் வைத்துக்கொண்டு காத்திருந்த பதினெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தாம்பரம் மேற்கில் அந்தக் கிளை திறந்த நாளிலிருந்து அதன் சட்ட ஆலோசகர் அறையில் யாரும் சிரித்ததில்லை.

தசரதன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அவருடைய ஊரப்பாக்கம் வீட்டுப் பத்திரம் விரிந்து கிடந்தது. இந்த அம்மாள் அதில் ஒரு கையெழுத்துப் போட்டால் வீட்டுக் கடன் கிடைக்கும். கடன் கிடைத்தால் மாடி எழும்பும். மாடி எழும்பினால், மேடவாக்கத்தில் வாடகை வீட்டில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கும் மகள் வினிதா குடும்பத்தோடு வந்துவிடுவாள். அங்கே வீட்டுக்காரர் வைகாசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இப்போது தை முடியப்போகிறது.

"சாரி சார்." டெபோரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க பத்திரத்துல நான்கெல்லை படிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"அதை எதுக்கும்மா படிக்கணும்? இருபத்தாறு வருசமா அந்த எல்லைக்குள்ளதான குந்திகினு கீறேன்."

மனை என்றால் அளவை மட்டும் எழுதினால் போதாது. நாலு பக்கமும் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார் என்று எழுத வேண்டும். டெபோரா சத்தமாகப் படித்தார்.

"கிழக்கே, இருபதடி ரோடு. மேற்கே, கதிரேசன் மனை. வடக்கே, பொதுக் கிணறு. தெற்கே..." மறுபடியும் சிரிப்பு முட்டியது. தண்ணீர் குடித்துவிட்டு முடித்தார். "பூமத்திய ரேகை."

"அது எங்க கீது?"

"இங்கேர்ந்து ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தெற்கே. நடுக்கடல்ல. அளவு ரெண்டாயிரத்து நானூறு சதுர அடின்னு போட்டிருக்கு. எல்லை இந்தியப் பெருங்கடல்ல இருக்கு. ரெண்டுல எது நிஜம்னு ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க சார். திருத்தி எழுதிக் கொண்டாங்க."

பத்திரம் எழுதிய சவுரிமுத்துவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. சேலையூரில் மகள் வீட்டில் இருந்தார். தசரதன் நீட்டிய பத்திரத்தைப் பார்த்ததும், பழைய நண்பனைக் கண்டவர்போல முகம் மலர்ந்தது.

"இதுக்கு இன்னா கொறைச்சல்?"

"தெற்கே பூமத்திய ரேகைன்னு எழுதிகிறியே, குடிச்சிட்டு எழுதினியா?"

"வாழ்க்கையில தொட்டதில்ல." சவுரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேளு. பக்கத்து மனைக்காரன் பேரைப் போட்டா அவன் வித்துட்டுப் போயிடறான். வேப்பமரம்னு போட்டா வெட்டிடறானுங்க. ஒருத்தனுக்கு ஏரிக்கரைன்னு போட்டேன், அடுத்த வருசம் ஏரியவே காணோம். கேஸ் ஆவுது, என்னை சாட்சிக்கு இழுக்கிறானுங்க. அதான் நகராத எல்லையாப் பாத்து எழுதினேன். இன்னி வரைக்கும் ஒரு அடி நகர்ந்திருக்கா சொல்லு."

தசரதனால் மறுக்க முடியவில்லை. "ஊருக்கே இப்படித்தான் எழுதினியா?"

"இல்லப்பா. அந்த மாசத்துல ரெண்டே பத்திரம். அதுக்குள்ள ரிஜிஸ்டர் ஆபீசரு புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டுகினாரு. படிச்சிட்டாரு."

"இன்னொண்ணு யாருது?"

"அது ஞாபகம் இல்ல."

அன்று சாயங்காலம் விவரம் கேட்டு வினிதா வந்தாள். தசரதனின் மனைவி அங்காளம்மாள் சட்னிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். "பூமத்திய ரேகைன்னா இன்னாடி?" என்று கேட்டதும், வினிதா அடுத்த தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இந்தக் கண்ணு இருக்கற எடம் வட துருவம்னு வெச்சுக்கோ. அடிப்பக்கம் தென் துருவம். ரெண்டுக்கும் சரிசமமான தூரத்துல, நடு வயித்தைச் சுத்தி ஒரு கோடு. அதான். மேல இருக்கறது வட அரைக்கோளம், கீழ தென் அரைக்கோளம். நாம மேல இருக்கோம். நமக்குக் கோடைன்னா கீழ குளிர்காலம்."

"கோடு போட்டது யாரு?"

"யாரும் போடலம்மா. போனாலும் கண்ணுக்குத் தெரியாது. பூமி சுத்துதுல்ல, அந்த அச்சுக்கு நடுவுல தானா விழற கோடு."

அங்காளம்மாள் தேங்காயை வாங்கி, அரிவாள் முதுகால் சுற்றிலும் தட்டினாள். ஒரு மூடி பெரிதாகவும் ஒரு மூடி சின்னதாகவும் உடைந்தது. "எனக்கு ஒரு நாளும் சரிபாதியா ஒடைஞ்சதில்ல," என்றவள், கணவன் பக்கம் திரும்பினாள். "யோவ், அப்ப நம்ம வேலிக்கு அந்தாண்ட பாதி ஒலகமா? அங்கேர்ந்து ஒரு பய கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கலியே."

வினிதா செல்போனில் வரைபடத்தை விரித்தாள். மனையின் அறுபதடி அகலத்தை நேர் தெற்கே இழுத்துக்கொண்டு போனாள். கூடுவாஞ்சேரியைத் தாண்டி, செய்யூர்ப் பக்கம் கடலில் இறங்கி, யாழ்ப்பாணத்தில் கரையேறி, கொழும்புக்குக் கிழக்கே ஓடி, மறுபடி கடலில் விழுந்து, ஒன்றுமே இல்லாத நீலத்தில் போய் நின்றது அந்த அறுபதடி.

தசரதன் நெடுநேரம் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவுக்கு விஷயம் தெரிய ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை டீக்கடையில் அவருக்கு முதலில் டீ வந்தது. கடைக்காரர் தெற்குப் பக்கம்தான் கடை வைத்திருந்தார். இஸ்திரி போடுகிறவர், "அண்ணா, வண்டியை இங்கயே நிறுத்திக்கட்டுமா, இல்ல தள்ளிக்கணுமா?" என்று கேட்டார். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருவர், தன் வீடு அந்த அறுபதடிக்குள் வருகிறதா என்று அளக்க டேப்போடு வந்தார். பாதி வருகிறது என்று தெரிந்ததும், சமையலறையை மட்டும் விட்டுவிடும்படிக் கேட்டுக்கொண்டு போனார்.

தசரதன் முதல் இரண்டு நாள் கூச்சப்பட்டார். மூன்றாம் நாள், "இருக்கட்டும், இருந்துட்டுப் போவட்டும்," என்று கையை உயர்த்திச் சொல்லப் பழகிக்கொண்டார். யாழ்ப்பாணத்தையும் அதே கையசைப்பில் விட்டுக்கொடுத்தார். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானபோது, காலங்கெட்ட மழைக்கு வடாம் நனைந்துபோன தெருப் பெண்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"உங்க எடத்துலதான் ரெண்டு நாளா நிக்குதாம். கொஞ்சம் கிளப்பி விடக்கூடாதா?"

"சொல்லிகிறேன்," என்றார் தசரதன். யாரிடம் சொன்னார் என்று அங்காளம்மாள் கேட்டபோது, குடையைத் தேடப் போய்விட்டார்.

இந்தக் கூத்தில் ஒரே ஒரு வீடு மட்டும் வாய் திறக்கவில்லை. அது தசரதனின் தெற்குச் சுவரை ஒட்டிய வீடு. ரயில்வேயில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற ராஜகோபாலனுடையது. பதினோரு வருடங்களுக்கு முன் தசரதனின் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிகள் சுவர் தாண்டி அவர் வீட்டுத் துணிக்கொடியில் இறங்கின. அவர் வந்து கேட்டார். "பூச்சிக்கு இன்னா சார் தெரியும், எது உங்க வூடுன்னு," என்றார் தசரதன். அன்றோடு பேச்சு நின்றது. ராஜகோபாலனும் தன் மகனுக்கு மாடி கட்டப்போவதாகச் சொல்லி அந்த வருடம் கம்பிகளை நீட்டிவிட்டிருந்தார். அவை இன்னும் துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. கருமி, காசை எடுக்க மனசில்லை என்று தெரு பேசியது. அப்படிப் பேசியதில் தசரதனுக்கும் பங்கு உண்டு.

சார்பதிவாளர் இளைஞர். பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை. அதுவே தசரதனுக்குப் பயமாக இருந்தது.

"திருத்தலாம். ரெண்டு வழி இருக்கு," என்றார் அவர். "ஒண்ணு, தெற்குச் சுவரை ஒட்டின வீட்டுக்காரர் வந்து, இவர் மனை என் சுவரோட முடியுதுன்னு கையெழுத்துப் போடணும்."

"இன்னொண்ணு?"

"பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கத்துக்காரர் வந்து, இவர் எல்லை என் எல்லைவரைக்கும்தான்னு போடணும்."

"இப்படி ஒரு சட்டம் கீதா சார்?"

"சட்டத்துல இல்ல. உங்க எல்லையும் சட்டத்துல இல்லையே."

தசரதன் யோசித்தார். ராஜகோபாலன் வீட்டுக் கேட்டு, தன் கேட்டிலிருந்து பதினாறு எட்டு. பூமத்திய ரேகை ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். இரண்டில் எது பக்கம் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ரெண்டாவது வழியே பாக்கறேன் சார்."

வினிதாவோடு முன்பு வேலை பார்த்த விக்கி என்பவன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருந்தான். அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்று வினிதா உறுதி சொன்னாள். வீடியோ அழைப்பில் விக்கி அரைக்கால் சட்டையோடு வந்தான். "அங்கிள், இங்க செம வெயில்," என்றான். தையில் வெயிலா என்று அங்காளம்மாள் கேட்டாள். "அதான் சொன்னேனே, கீழ எல்லாம் தலைகீழ்," என்றாள் வினிதா. தென் அரைக்கோளம் முழுவதன் சார்பிலும் கையெழுத்துப் போட விக்கி உடனே ஒப்புக்கொண்டான்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் போனைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். சார்பதிவாளர் வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

"பெர்த் செல்லாது. கிழக்கால ரொம்பத் தள்ளியிருக்கு. உங்க அறுபதடிக்கு நேர் தெற்கே ஒட்டினாப்பல இருக்கணும்."

"நேர் தெற்கே யாரு சார் கீறாங்க?"

சார்பதிவாளர் விரலை இறக்கிக்கொண்டே போனார். கடல். இன்னும் கடல். மேசை விளிம்பே வந்துவிட்டது. "அண்டார்டிகாவரைக்கும் ஒரு வீடும் கிடையாது. அங்கே பனி. கரையோரமா பெங்குவின் இருக்கலாம்."

"அதுங்க போட்டா ஒத்துக்குவீங்களா?"

"ஆதார் இருக்கா?"

போனுக்குள்ளிருந்து விக்கி ஏதோ சொன்னான். யாரும் கவனிக்கவில்லை. வினிதா அப்பாவின் கையைப் பிடித்தாள். "வீட்டுக்காரர் நேத்து மறுபடி போன் பண்ணாருப்பா," என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல். பேருந்து நகரவே இல்லை. தசரதன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி பூமி பக்கத்து வீடாக இருந்தும், கையெழுத்துப் போட ஓர் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று அங்காளம்மாள் கேட்டாள். "தெற்கே," என்றார்.

பதினாறு எட்டில் நாலு இடத்தில் நின்றார். முருங்கைக் கிளை ஒன்று சுவர் தாண்டி அந்தப் பக்கம் சாய்ந்திருந்ததை இப்போதுதான் பார்த்தார். கேட்டைத் தட்டியதும் ராஜகோபாலன் வந்தார். கையில் பாதி படித்த செய்தித்தாள். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை.

"இன்னா சார், நல்லாக்கீறீங்களா?" பதினோரு வருடத்துக்குப் பிறகு அது தசரதனுக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

"இருக்கேன்."

"அந்தக் கம்பளிப்பூச்சி விசயத்துல எம்மேலதான் தப்பு சார். பூச்சிக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ராஜகோபாலன் செய்தித்தாளை மடித்தார். கேட்டைத் திறந்துவிட்டார். தசரதன் உள்ளே போகாமல், நின்ற இடத்திலிருந்தே பத்திரத்தை நீட்டினார்.

"ஒரு கையெழுத்து வோணும். என் மனை உங்க சுவரோட முடியுதுன்னு. இதுல எல்லையை வேற மாதிரி எழுதிட்டாங்க. பொண்ணுக்கு மாடி கட்டணும். கடலு கிடலு எதுவும் எனக்கு வோணாம்."

ராஜகோபாலன் வாங்கி, வராந்தா விளக்கடியில் நின்று படித்தார். நான்கெல்லைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் அந்த வரியைப் படித்தார். தெருவே சிரித்த அந்த வரிக்கு அவர் சிரிக்கவில்லை. "எழுதினது சவுரிமுத்துவா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா சார்."

அவர் உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. கையெழுத்துப் போட மாட்டார் போலிருக்கிறது, கதவைச் சாத்தத்தான் போனாரோ என்று தசரதன் தவித்தார். மேலே துருப்பிடித்த கம்பிகள் இருட்டில் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தன.

ராஜகோபாலன் திரும்பி வந்தபோது, ஒரு கையில் பேனா இருந்தது. மறு கையில் மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து தன் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, ஒரு பக்கத்தைப் புரட்டி, விரலை வடக்கெல்லை வரியில் வைத்து தசரதனிடம் நீட்டினார்.

"நான் உங்களுதுல போடறேன், நீங்க இதுல போடுங்க தசரதன், பையனுக்கு மாடி கட்டணும்னு பதினோரு வருஷமா வட துருவத்துலேர்ந்து ஒரு ஆளைத் தேடிட்டிருக்கேன்."