இரண்டு மீட்புகள்

துறைமுக அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் நன்றாகப் பேசக்கூடியவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனாலும் அதிகாரியின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லும் வேலை, பேசாதவள் தலையில்தான் விழுந்தது.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர் அத்தான். அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போகும் அவள் நாள் முழுக்க வாயைத் திறக்க மாட்டாள். அத்தான் மாலையில் செருப்பைக் கழற்றும்போதே, "நம்ம ரேடியோல இன்னைக்கு ஏதாவது செய்தி உண்டா?" என்று கேட்பார். அவள் சிரிப்பதோடு சரி. "அவ்வளவுதான், நிலையத்த மூடிட்டாங்க" என்பார்.

அத்தானுக்குத் தூர்வாரும் கப்பலில், எஞ்சின் அறையில் வேலை. துறைமுக வாயிலில் மணல் அள்ளிக்கொண்டிருந்த அந்தக் கப்பல் முந்தாநாள் விடியற்காலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே கவிழ்ந்துவிட்டது. மேல்தளத்தில் இருந்தவர்களைப் படகுகள் தூக்கிக்கொண்டன. கீழே இருந்த நான்கு பேர் வரவில்லை.

காத்திருப்பு அறை ஜன்னலிலிருந்து கப்பலின் வயிறு தெரியும். சிவப்புச் சாயம் பூசிய இரும்பு, தண்ணீருக்கு மேல் ஒரு மேடு போல. முக்குளிப்பவர்கள் அதன்மேல் ஏறிச் சுத்தியலால் தட்டுவார்கள். பிறகு படகுகளின் எஞ்சினை எல்லாம் நிறுத்திவிட்டு, இரும்பில் காதை வைத்துக் கேட்பார்கள். அந்த நேரத்தில் அறையிலும் யாரும் மூச்சு விடுவதில்லை. இருமல் வந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

முதல் நாள் மாலை உள்ளேயிருந்து பதில் வந்தது போல இருந்தது என்று ஒருவர் சொன்னார். கழன்று ஆடும் குழாயாகவும் இருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். அக்கா முதலாமவர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"கவுந்தா உள்ள காத்து நிக்கும்டீ. அவரே சொல்லியிருக்கார். டம்ளரைக் கவுத்து தண்ணில அமுக்கிப் பாருன்னு."

"ம்" என்றாள் அவள்.

அவள் படித்தது வேதியியல். குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் வேலை. மூடிய இரும்பு அறைக்குள் நான்கு பேர் மூச்சு விட்டால் என்ன ஆகும், காற்று தீர்வதற்கு முன்பே சேரும் கரியமில வாயு எப்படி ஆளைக் கொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். முதல் நாள் இரவே மனதுக்குள் கணக்குப் போட்டாள். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு நாளும் அதிகாரி வந்து நின்றபோதெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். ரெஸ்க்யூ. அவளும் எழுந்து, தரையைப் பார்த்தபடி, "மீட்புப் பணி நடந்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வாள்.

மூன்றாம் நாள் காலை அவர் வந்தபோது டை தளர்ந்திருந்தது. கொஞ்சம்தான் பேசினார். பெரிய கிரேன் வந்திருக்கிறது, வேலை மதியம் தொடங்கும் என்றார். எந்த வேலை என்று சொல்லும்போது குரல் இறங்கியது. சால்வேஜ்.

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார்.

அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். எரிந்த கிடங்கிலிருந்து மூட்டைகளை எடுப்பதைப் பற்றிய செய்தியில் படித்திருக்கிறாள். ரெஸ்க்யூ உயிருக்கு. இது பொருளுக்கு. நேற்றுவரை அந்த இரும்புக்குள் ஆட்களைத் தேடினார்கள். இன்று முதல் அது வழியை அடைத்துக் கிடக்கும் வெறும் இரும்பு.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தங்கையின் முந்தானை நுனியைப் பிடித்திருந்தாள். சின்னப் பெண் போல.

"மீட்புப் பணி தொடருது" என்றாள் அவள். "பெரிய கிரேன் வந்திருக்காம்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தமிழில் இரண்டையும் அப்படித்தான் சொல்வார்கள். இருந்தும் அவள் அதிகாரி பக்கம் திரும்பவில்லை.

அறை முழுக்கப் பெருமூச்சு எழுந்தது. மேல்தளத்தில் வேலை பார்த்த பையனின் அப்பா தொடையில் தட்டிக்கொண்டார். அன்று கீழே எதையோ எடுக்கப் போனவன் அந்தப் பையன்.

"பாத்தீங்களா! கிரேனே வந்துருச்சு. இனி அலாக்கா தூக்கிடுவாங்க. என் மவன் வெளிய வந்ததும் அப்பா எங்கன்னு கேக்க மாட்டான், சோறு எங்கன்னுதான் கேப்பான். வாங்கி வெச்சிடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். தமிழ் தெரியாத அதிகாரி அந்த முகங்களைப் பார்த்துத் திகைத்தார். அவளிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் போய்விட்டார்.

மதியம் அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உள்ளே அத்தானின் சட்டை, துண்டு, கம்பளி.

"வாடீ, கிரேன்காரங்ககிட்ட குடுத்துட்டு வந்துடலாம். ரெண்டு நாளா ஈரத்துல கெடக்கறவர். வெளிய வந்ததும் நடுங்குவார்."

துறைமுக மேடையில் நடக்கும்போது அக்கா நின்றாள்.

"இன்னைக்கு ஏன்டீ தட்டவே இல்ல?"

"கிரேன் சத்தத்துல கேட்டிருக்காதுக்கா."

இது பொய்தான். இதற்கு எந்த அகராதியும் துணைக்கு வராது.

கிரேன் மிதவை கரையோரம் கட்டியிருந்தது. ஆள் தொடையளவு தடிமனுள்ள சங்கிலிகள் மேடையில் சுருண்டு கிடந்தன. மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒருவர் அவற்றுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தமிழர்.

"அண்ணே, இந்தப் பைய உங்ககிட்ட வெச்சுக்குங்க. எஞ்சின் ரூம்ல இருக்கறவர் என் வீட்டுக்காரர். வந்ததும் குடுத்துடுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பையை வாங்கவில்லை.

"உங்ககிட்ட யாரும் சொல்லலையாம்மா?"

"சொன்னாங்களே, மீட்புப் பணின்னு. இவதான் எங்களுக்கெல்லாம் சொன்னா. நீங்க எப்பண்ணே தட்டுவீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் சங்கிலியைப் பார்த்தாள்.

"நாங்க தட்டறவங்க இல்லம்மா. அவங்க காலைலயே கிளம்பிட்டாங்க. நாங்க தகட்டுல ஓட்டை போட்டு சங்கிலி மாட்டறவங்க."

"ஓட்டை போட்டா உள்ள நிக்கற காத்து..." அக்கா பாதியில் நிறுத்தினாள்.

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். "உசுரோட ஆள் இருக்கற கப்பல்ல நாங்க ஓட்டை போட மாட்டோம்மா."

அக்கா கப்பலின் கயிற்றைக் கட்டும் இரும்புக் குற்றியின் மேல் உட்கார்ந்தாள். பையிலிருந்து சட்டையை எடுத்தாள். நன்றாக மடித்திருந்ததைப் பிரித்து, மறுபடி மடித்தாள். காலர் ஒருபக்கம் மடங்கியது. நீவிவிட்டாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"ம்."

"ஏன்டீ?"

"தமிழ்ல அதுக்கும் மீட்புன்னுதான்க்கா..."

"அகராதியையா கேட்டேன்? உன்னக் கேட்டேன்."

காற்று அடித்தது. அவள் தன் முந்தானை நுனியைப் பார்த்தாள்.

"நீ என் முந்தானையப் பிடிச்சிருந்த. வாய் வரல."

அக்கா அழவில்லை. சட்டையைப் பைக்குள் வைத்தாள்.

"ரூம்ல இருந்த அந்தப் பெரியவர் புள்ளைக்கு சோறு வாங்க ஓடினாரே. அவருக்கு யார் சொல்றது? டை கட்டினவரா? நீ சொல்லித்தானே நம்பினார். நீயே போய் சொல்லு."

"என்னால முடியாதுக்கா."

"முடியாதுதான். வா."

அவர்கள் திரும்பியபோது பையனின் அப்பா ஜன்னல் திட்டில் இரண்டு பொட்டலங்களை வைத்து, ஆறாமல் இருக்க மேலே துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"வாம்மா. புதுசா ஏதாவது சொன்னாங்களா?"

அக்கா கதவருகே பையை அணைத்தபடி நின்றுகொண்டாள். அவள் அறை நடுவில் போய் நின்றாள். முதல்முறையாக நிமிர்ந்து எல்லா முகங்களையும் பார்த்தாள். பார்க்காமல் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"காலைல நான் சொன்னது சரியில்ல. அவர் சொன்ன வார்த்தை வேற. எனக்குத் தெரிஞ்சிருந்தும் பழைய வார்த்தையவே சொன்னேன். ஆளைத் தேடறத நிறுத்திட்டாங்க. இனி கப்பலத்தான் எடுக்கப் போறாங்க. கப்பல மட்டும்."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். யாரோ ஒருத்தி குரலெடுத்து அழத் தொடங்கினாள். பையனின் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். "தட்டறாங்களான்னு பாப்போம்."

அழுதவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா மூச்சை நிறுத்தினாள். எல்லாம் தெரிந்தும் அவளும் நிறுத்தினாள். வெளியே, இரும்பின்மேல் சங்கிலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர் உயர்த்திய கையை இறக்கவில்லை.