இரண்டு தட்டு

அன்று காலை சலவைக்கூடத்தின் மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: தொழிலாளர் துறை அதிகாரி, கூடத்தின் முதலாளி, அத்தையின் கணவரும் அங்கே மேற்பார்வையாளருமான மாமா, பெரியப்பா, சின்னக்குட்டி. ஆறாவதாக யாரும் இல்லை.

சின்னக்குட்டிக்குப் பதினாறு வயது. அப்பா எப்போதோ காலமாகிவிட்டார். ஐந்து மாதத்துக்கு முன், இதே கூடத்தின் கீழ்த்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது நீராவிக் குழாய் வெடித்து அம்மாவும் போனாள். அம்மாவுக்கு உதவியாக நாலடி தள்ளி நின்று படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்த சின்னக்குட்டி அலறினாள். அந்த அலறலோடு அவள் குரல் நின்றுபோயிற்று.

அதன் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. ஆமாம் என்றால் விரலால் ஒரு தட்டு. இல்லை என்றால் இரண்டு. அவள் தட்டுவாள், பெரியப்பா வெளியாருக்கு எடுத்துச் சொல்வார். மருத்துவரிடமும் அப்படித்தான், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்.

“எங்க வீட்டுத் தந்தி ஆபீஸ் சார் இவ,” என்றார் மாமா. முதலாளி மட்டும் சிரித்தார்.

அதிகாரி கோப்பைப் பிரித்தார். “குழாய் கசியுதுன்னு உங்கம்மா யார்கிட்டயும் சொல்லல, அவங்களே மிஷினை அஜாக்கிரதையா ஓட்டினாங்கன்னு எழுதியிருக்கு. சரியாம்மா?”

அம்மா சொன்னாள். மாமாவிடம்தான் சொன்னாள். “ஆஸ்பத்திரி விரிப்பு மதியத்துக்குள்ள போயாகணும்மா, முடிச்சுட்டுப் பார்க்கலாம்” என்று அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நகர்ந்தது வரை அவளுக்கு நினைவிருந்தது.

மேசையில் இரண்டு முறை தட்டினாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். “ஆமாங்கிறா.”

காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி தட்டினாள். விரல் வலிக்க, இரண்டு.

“ஆமான்னுதான் சொல்றா சார். பாவம், கை நடுங்குது.” மேசைக்கடியில் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். குனிந்து, “உன் அத்தை இவரோட வாழணுமா வேண்டாமா? வீட்டு விஷயம் வெளிய போகக்கூடாது. பேசாம இரு,” என்றார் காதோடு.

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அம்மா என்றைக்கும் அஜாக்கிரதைக்காரிதான்.

சின்னக்குட்டி வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு, துருப்பிடித்த கீல் அசைவது போல ஒரு சத்தம்.

“அம்மா சொன்னாங்க.”

“என்னம்மா?”

“காலைலயே சொன்னாங்க. மாமாகிட்ட.”

அதிகாரி கோப்பில் இருந்த வரியை அடித்தார்.

வீடு திரும்பும்போது பெரியப்பா பத்தடி முன்னால் நடந்தார், திரும்பியே பார்க்கவில்லை. அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டிருந்த அத்தை அவளைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் சின்னக்குட்டி, “தண்ணி,” என்றாள். யாரும் நகரவில்லை. தானே எழுந்து மொண்டு குடித்தாள்.

பெரியப்பாதான் தைரியம் சொல்லி அந்தப் பெண்ணைப் பேசவைத்தார் என்று தெருவில் சொல்கிறார்கள். அவரும் மறுப்பதில்லை. அது பொய். அவர் அவளைப் பேசாதே என்றார்.